ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே: மச்சில் ஒயர் இழுக்கும் முறை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் பழைய ஒயரிங்கை மாற்றப் போயிருந்தேன். வீட்டு ஆச்சிக்கு அதில் விருப்பமே இல்லை. "அவுக இருக்கையில போட்டது தம்பி. அம்பது வருசமா ஒரு கொறையும் இல்ல. இப்ப எதுக்கு அதப் போயி நோண்டணும்?" என்றார்.

மெயினை அணைத்துவிட்டு ஏணி வைத்து மச்சில் ஏறினேன். பழைய ஒயரில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கி, "கையக் காட்டுங்க ஆச்சி" என்றேன். அவர் உள்ளங்கைக்கு மேலே பிடித்து லேசாக வளைத்தேன். மேலே சுற்றியிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து அவர் கையில் விழுந்தது. என் விரல்களுக்கு நடுவே வெறும் கம்பி நின்றது. ஆச்சி அண்ணாந்து பலகையைப் பார்த்தார். "இதுக்குக் கீழயா கட்டிலப் போட்டுப் படுத்துக் கெடந்தேன்?"

ஓட்டுக் கூரைக்குக் கீழே, பலகைத் தளத்துக்கு மேலே இருக்கும் அந்த இருட்டு வெளியை மச்சு என்கிறோம். சில ஊர்களில் பரண். சுவரில் ஓடும் ஒயர் கெட்டால் கறை தெரியும், வாடை வரும், யாராவது கேட்பார்கள். மச்சில் கெடும் ஒயரைக் கேட்க ஆளில்லை. அதற்கு அடியில் உலர்ந்த பலகை, மேலே உலர்ந்த ரீப்பர், சுற்றிலும் ஒட்டடை, எலி இழுத்து வந்து சேர்த்த வைக்கோல் இருக்கும். ஒரு பொறி போதும்.

மச்சில் ஒயர் இழுக்கும்போது ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நமக்குப் பிறகு அங்கே ஏறப்போகிறவர். ஓடு மாற்ற வரும் கொத்தனாராக இருக்கலாம், குட்டி போட்ட பூனையைத் தேடும் வீட்டுப் பையனாக இருக்கலாம், பத்து வருடம் கழித்து வரும் இன்னொரு ஒயர்மேனாக இருக்கலாம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. கையில் நல்ல வெளிச்சம் இருக்காது. காலில் செருப்பும் இருக்காது. அவர் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், கீழே சொல்லப்போகும் விதிகள் ஒவ்வொன்றும் தானாக விளங்கும்.

யார் செய்ய வேண்டிய வேலை

தமிழ்நாட்டில் மின் கம்பி வேலை செய்ய ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேண்டும். மாநில அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் அதைத் தருகிறது. வேலை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம் நடக்க வேண்டும். எனவே இந்த அத்தியாயம் இரண்டு பேருக்கானது. ஒருவர் சான்றிதழ் உள்ள, ஆனால் மச்சில் அதிகம் வேலை செய்திராத ஒயர்மேன். மற்றவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் கையில் பிளையரை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும், எந்த வேலையை ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மச்சில் நடந்த வேலையைப் பிறகு யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. நடக்கும்போதே பார்த்தால்தான் உண்டு.

ஏறுவதற்கு முன்: மின்சாரம் எத்தனை வழியில் வருகிறது?

"மெயினை ஆஃப் பண்ணியாச்சு" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி மச்சில் ஏறக்கூடாது. ஓட்டு வீட்டு மச்சில் மெயினுக்குக் கட்டுப்படாத மின்சாரம் மூன்று வழிகளில் வரலாம்.

முதலாவது, சர்வீஸ் ஒயர். மின் கம்பத்திலிருந்து வரும் ஒயர் பல பழைய வீடுகளில் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் நுழைந்து மச்சின் ஓரமாகவே மீட்டருக்கு இறங்கும். அது மெயின் சுவிட்சுக்கு முந்தைய பகுதி. மெயினை அணைத்தாலும் அதில் 230 வோல்ட் இருக்கும். அதைத் தொடவோ நகர்த்தவோ மின் வாரிய ஊழியருக்கு மட்டுமே உரிமை. அதன் உறை வெடித்திருந்தால் வேலையைத் தொடங்காமல் முதலில் மின் வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, இன்வெர்ட்டர். மெயின் போனதும் அது பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். அதன் வேலையே அதுதான். இன்வெர்ட்டரை அதன் சொந்த சுவிட்சில் அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குப் போகும் பிளக்கையோ ஒயரையோ பிரித்துவிட வேண்டும்.

மூன்றாவது, கூரையில் சோலார் தகடு இருந்தால் அதன் டி.சி. ஒயர். பகலில் வெயில் இருக்கும்வரை தகட்டுக்கும் அதன் துண்டிப்பு சுவிட்சுக்கும் இடையிலுள்ள ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை வழியில் எங்கும் வெட்டக்கூடாது.

எல்லாவற்றையும் அணைத்தபின் மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிமேல் "மச்சில் ஆள் இருக்கிறார், போடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு சோதனை. டெஸ்டரையோ டெஸ்ட் லாம்ப்பையோ முதலில் மின்சாரம் இருக்கும் இடம் ஒன்றில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் ஒயரில் வையுங்கள். மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வையுங்கள். முதலும் கடைசியும் எரிந்து நடுவில் எரியாவிட்டால்தான் ஒயர் செத்திருக்கிறது என்று பொருள். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு ஏறினால், கெட்டுப்போன டெஸ்டரை நம்பி ஏறியதாகிவிடும்.

உடம்பைக் காப்பது

பலகையில் கால் வைக்காதீர்கள். உத்திரத்திலும் விட்டத்திலும் மட்டும் வையுங்கள். கரையான் தின்ற பலகை வெளிப்பார்வைக்கு முழுதாகவே இருக்கும். இரண்டு விட்டங்களுக்குக் குறுக்கே நீளமான, கனமான பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்வது நல்லது. வேலை நகர நகரப் பலகையையும் நகர்த்துங்கள்.

நெற்றியில் கட்டும் விளக்கு, மூக்கை மூடும் நல்ல மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை, காலுக்கு மூடிய செருப்பு ஆகியவை கட்டாயம். மச்சுத் தூசியில் எலிப் புழுக்கையும் மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி தோலிலுள்ள கீறல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வேலையை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் இரண்டு மணி நேரம் இருந்தால் தலை சுற்றும். சுற்றும் தலையோடு விட்டத்தில் நடக்க முடியாது. ஏணி அடியில் ஒரு ஆள் கடைசிவரை நிற்க வேண்டும். முதலில் விளக்கடித்துக் குளவிக்கூடு, தேள், பாம்புச் சட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

பழையதை அடையாளம் காண்பது

மச்சில் பெரும்பாலும் மூன்று தலைமுறை ஒயரிங் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

மிகப் பழையது, பீங்கான் க்ளீட்டிலோ மரக் கேசிங்கிலோ ஓடும் ரப்பர் ஒயர். மேலே நூல் பின்னல், உள்ளே ரப்பர், அதற்குள் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி. ஆச்சி வீட்டில் உதிர்ந்தது இதுதான். சும்மா கிடக்கும்வரை தாங்கும். யாராவது அசைத்த அன்றைக்கு உறை உதிரும். இதோடு புது ஒயரை இணைத்து நீட்டாதீர்கள். முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தேக்கு ரீப்பர்மேல் தகரக் கிளிப் அடித்து ஓட்டிய ஒயர். ஒயர் நன்றாக இருந்தாலும் இதில் பெரும்பாலும் எர்த் கம்பி ஓடாது. மூன்று முள் பிளக் வைக்கும் இடத்துக்கு இது உதவாது.

மூன்றாவது, நடுவில் யாரோ அவசரத்துக்கு இழுத்துவிட்ட ஒயர். பைப் இல்லை, கிளிப் இல்லை. விட்டத்தில் ஆணியடித்துச் சுற்றி, நடுவில் முறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். பார்ப்பதற்கு மற்ற இரண்டையும்விடப் புதிதாக இருப்பதால் இதைச் சந்தேகப்படத் தோன்றாது. நான் மச்சில் பார்த்த கருகல்களில் அதிகம் இந்த வகைதான்.

கழற்றிய ஒயரை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். செத்த ஒயர் எது, உயிருள்ளது எது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது. முனைவரை இழுத்துக் கீழே கொண்டுவாருங்கள்.

சூடும் ஒயர் அளவும்

மச்சு ஒயரிங்கில் பலர் தவறவிடும் கணக்கு இது.

வீட்டில் பயன்படும் பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி செல்சியஸ்வரைதான் தாங்கும். ஒயரில் மின்சாரம் ஓடினால் அது சூடாகும். அந்தச் சூடு சுற்றியுள்ள காற்றுக்குப் போக வேண்டும். காற்றே சூடாக இருந்தால் போவதற்கு இடமில்லை. வெயில் காலத்து மதியத்தில் மச்சுக்குள் காற்றின் வெப்பம் வெளிவெப்பத்தைவிட மிக அதிகமாக இருக்கும். மே மாதத்தில் ஒரு நாள் உங்கள் மச்சில் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு மூன்று மணிக்குப் பாருங்கள். 50 டிகிரி காட்டினால் அதை வைத்துத்தான் ஒயர் அளவைக் கணக்கிட வேண்டும்.

சர்வதேச அட்டவணைப்படி, பைப்புக்குள் ஓடும் பி.வி.சி. செம்பு ஒயர் 30 டிகிரி சூழலில் தாங்கும் மின்னோட்டம் இது: ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) 17.5 ஆம்பியர், இரண்டரை ஸ்கொயர் 24 ஆம்பியர், நாலு ஸ்கொயர் 32 ஆம்பியர். சூழல் 40 டிகிரி ஆனால் இதை 0.87ஆல் பெருக்க வேண்டும். 50 டிகிரிக்கு 0.71. 60 டிகிரிக்கு 0.50, அதாவது சரிபாதி. ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் ஓடினால் மேலும் 0.80ஆலும், மூன்று ஓடினால் 0.70ஆலும் பெருக்க வேண்டும்.

இப்போது ஒரு உதாரணம். பவர் பிளக்குக்கு இரண்டரை ஸ்கொயர் ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழும் சுவிட்ச்) என்பது நம் வழக்கம். மச்சு 50 டிகிரி, பைப்பில் இது மட்டும் ஓடுகிறது என்றால் 24 × 0.71 = 17 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. சரி, ஆனால் ஒரு ஆம்பியர்தான் இடைவெளி. அதே பைப்பில் இன்னொரு பவர் சர்க்யூட்டையும் நுழைத்தால் 17 × 0.80 = 13.6. இப்போது எம்.சி.பி. 16 ஆம்பியர்வரை சும்மா இருக்கும், ஒயர் 13.6-க்கு மேல் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டே இருக்கும். காப்பாற்ற வேண்டிய எம்.சி.பி. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வழிகள் மூன்று. இரண்டாவது சர்க்யூட்டுக்குத் தனி பைப் போடலாம். ஒயரை நாலு ஸ்கொயருக்கு உயர்த்தலாம்: 32 × 0.71 × 0.80 = 18 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குத் தாராளம். அல்லது எம்.சி.பி.யை 10 ஆம்பியருக்கு இறக்கி, அந்தப் பிளக்கில் பெரிய சாதனம் போடுவதில்லை என்று முடிவு செய்யலாம். எதைச் செய்தாலும் எம்.சி.பி.யின் எண் ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது.

விளக்கு, விசிறிக்கு ஒன்றரை ஸ்கொயர் போதும். ஒரு சர்க்யூட்டில் பத்து பாயின்ட், 800 வாட் என்ற பழைய வரம்பை இன்றும் கடைப்பிடியுங்கள். ஒன்று போனாலும் வீடு முழுக்க இருட்டாகாது. ஏ.சி., கெய்சர் ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்கொயரில் தனித்தனி ஒயர், தனித்தனி எம்.சி.பி. வேண்டும். கடையில் வாங்கும்போது ஒயர் சுருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மச்சுக்கு எஃப்.ஆர்.எல்.எஸ். வகை ஒயர் கேளுங்கள். அது தீயை எளிதில் பரவவிடாது, எரிந்தாலும் புகை குறைவு. மச்சுத் தீயில் உறங்குபவரை முதலில் வந்தடைவது புகைதான்.

பாதை

ஓட்டுக்கு ஒட்டினாற்போல் ஒயர் கொண்டுபோகாதீர்கள். சூடு மேலேதான் தங்கும். ஒழுகலும் அங்கேதான் விழும். ஓடு மாற்றுபவரின் கையும் அங்கேதான் வரும். பைப்பை விட்டத்தின் பக்கவாட்டில், அதன் பாதி உயரத்தில் ஓட்டுங்கள். விட்டத்தின் மேல்பக்கம் காலுக்கு, பக்கவாட்டு பைப்புக்கு என்று வைத்துக்கொண்டால் ஏறுபவர் எதையும் மிதிக்க மாட்டார்.

விட்டத்தைக் கடந்துதான் தீர வேண்டும் என்றால், முதலில் சுவரோரமாகச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். பத்தடி ஒயர் அதிகமானாலும் பரவாயில்லை. பாரம் தாங்கும் விட்டத்தின் அடிப்பகுதி இழுபடுகிறது, மேல்பகுதி அமுக்கப்படுகிறது. நடுப்பகுதியில்தான் அழுத்தம் குறைவு. அதனால் அடியிலோ மேலேயோ பள்ளம் செதுக்கினால் மரம் பலவீனமாகும். துளை போட்டே ஆக வேண்டும் என்றால் உயரத்தின் சரிநடுவில், விட்டத்தின் உயரத்தில் கால் பங்குக்கு மிகாமல், தச்சரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். விளிம்பிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் மேலிருந்து பலகைக்கு அடிக்கும் ஆணி ஒயரைத் தொடாது. கரையான் அரித்த விட்டத்தில் எந்தத் துளையும் வேண்டாம்.

ஏறும் வாசலைச் சுற்றி இரண்டு மீட்டர் தூரத்துக்கு எதுவும் குறுக்கே போகக்கூடாது. ஏறியதும் கை ஊன்றும் இடம், முழங்கால் வைக்கும் இடம் அதுதான். வேறு வழியில்லாமல் போனால் அந்தப் பகுதியில் இரும்பு பைப் போட்டு, இருபுறமும் பைப்பைவிட உயரமான மரச்சட்டம் அடித்துக் காப்பு கொடுங்கள். வாசலுக்குக் கீழேயே, ஏணியில் நின்று எட்டும் இடத்தில் மச்சுக்கென்று ஒரு விளக்கு சுவிட்ச் வையுங்கள். வெளிச்சம் இருந்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

பைப், பெட்டி, இணைப்பு

மச்சில் திறந்த ஒயர் வேண்டாம். கனமான பி.வி.சி. பைப், அல்லது எலி அதிகமுள்ள இடத்தில் இரும்பு பைப். இரும்பு பைப்பும் இரும்புப் பெட்டியும் எர்த்தில் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒயர் உரசிய அன்று பைப் முழுக்க ஷாக் அடிக்கும். 60 சென்டிமீட்டருக்கு ஒரு சாடில் அடியுங்கள். பெட்டிக்கும் பெண்டுக்கும் (பைப் வளைவுக்கும்) இருபுறமும் பக்கத்திலேயே ஒன்று. 20 மி.மீ. பைப்பில் ஒன்றரை ஸ்கொயர் ஒயர் ஐந்தாறுக்கு மேல் நுழைக்காதீர்கள். இழுக்கும்போது கை வலிக்கிறது என்றால் பைப் சிறியது அல்லது பெண்டு அதிகம். பலத்தைக் காட்டி இழுத்தால் உறை உரிந்துவிடும். இரண்டு பெண்டுக்கு ஒரு பெட்டி என்று வையுங்கள்.

இனி இணைப்பு. மச்சுத் தீயின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள் என்று வையுங்கள். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிச் சுருங்கி முறுக்கு தளர்கிறது. டேப்பின் பசை காய்ந்து சுருள் பிரிகிறது. அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானால் என்ன ஆகும்? 10 ஆம்பியர் ஓடும்போது 10 × 10 × 0.5 = 50 வாட் வெப்பம், சுண்டுவிரல் அளவு இடத்தில். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் அயர்ன் 25 வாட்தான். எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது; ஏனென்றால் ஓடும் மின்னோட்டம் கூடவில்லை. கசிவைக் கண்டால் விழும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் மின்சாரம் வெளியே கசியவில்லை. இரண்டு காவல்காரர்களும் விழித்திருக்கும்போதே பலகை கருகும்.

எனவே, முடிந்தவரை மச்சில் இணைப்பே வேண்டாம். எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து சுவிட்ச் பெட்டிவரை வெட்டாத ஒரே ஒயரை இழுங்கள். இணைத்தே ஆக வேண்டும் என்றால் மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள், திருகு கனெக்டரில் இணையுங்கள். ஒவ்வொரு ஒயரையும் திருகியபின் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். பெட்டிகளையெல்லாம் ஏறும் வாசலிலிருந்து எளிதில் போகக்கூடிய இடத்தில் வையுங்கள். பலகைக்கு அடியிலோ, சுவருக்குள்ளோ புதைந்த பெட்டியை எவராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத பெட்டி இருக்கவே கூடாது.

நிறத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. சிவப்பு தீர்ந்துவிட்டது என்று பச்சையைப் பேஸுக்குப் போட்டால், நமக்குப் பின் ஏறும் அந்த ஆள் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

மழை, எலி, தெர்மோகோல்

ஓடு ஒழுகும். குரங்கு ஏறிய வீட்டில் கட்டாயம் ஒழுகும். வேலை தொடங்குமுன் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். மழைத் தடம் படிந்த விட்டங்களையும், இரண்டு கூரைகள் சேரும் தகர ஓடைக்கு அடிப்பகுதியையும் தவிர்த்துப் பாதை போடுங்கள். பெட்டிக்குள் பைப் பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் பைப்பில் வழியும் நீர் நேராக இணைப்பில் இறங்கும்.

எலியும் அணிலும் பி.வி.சி.யைக் கடிப்பது பசிக்காக இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்கத்தான். பைப்பின் திறந்த முனைகளை அடையுங்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்திலுள்ள பொந்துகளைக் கம்பி வலையும் சிமென்ட் பூச்சும் கொண்டு மூடுங்கள். பழைய வைக்கோல், காகிதம், தேங்காய் நார் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். அவை எலிக்கு வீடு, தீக்கு உணவு.

வெக்கையைக் குறைக்கத் தெர்மோகோல் பரப்பும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை. பி.வி.சி. ஒயர் தெர்மோகோலைத் தொட்டுக்கொண்டே இருந்தால், ஒயரை வளையச் செய்யும் வேதிப்பொருள் மெல்ல மெல்ல வெளியேறி உறை விறைத்துப்போகும். இரண்டும் தொடாமல் பைப்புக்குள் கொண்டுபோங்கள். எந்தக் காப்புப் பொருளாலும் ஒயரை மூடாதீர்கள். மூடினால் மேலே போட்ட சூட்டுக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

விசிறியும் பதிவிளக்கும்

விசிறிக் கொக்கியைப் பலகையில் மாட்டக்கூடாது. உத்திரத்தில் போல்ட்டுப் போட்டு முடுக்குங்கள், அல்லது இரண்டு விட்டங்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு அதில் தொங்கவிடுங்கள். விசிறியின் ஒயர் கொக்கியில் உரசாமல் தனியே இறங்க வேண்டும்.

பலகையில் துளை போட்டுப் பதிக்கும் எல்.இ.டி. விளக்குக்கு மேல்பக்கம் ஒரு டிரைவர் பெட்டி இருக்கும். அது சூடாகும். அதைச் சுற்றி ஒரு சாணாவது வெற்றிடம் விடுங்கள். தூசி கூட்டிச் சுத்தம் செய்த இடமாக இருக்கட்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன்னும் கொடுத்த பின்னும்

கீழே உள்ள ஐந்து சோதனைகளையும் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே செய்யுங்கள்.

1. எர்த் தொடர்ச்சி: ஒவ்வொரு பிளக்கின் பெரிய துளையிலிருந்தும் எர்த் குழிவரை கம்பி அறுபடாமல் போகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

2. உறைச் சோதனை: பல்புகளையும் மின்னணுச் சாதனங்களையும் கழற்றி, சுவிட்சுகளை ஆன் செய்து, 500 வோல்ட் மெகரால் பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கக்கூடாது. புது ஒயர் இதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். ஒன்றிரண்டு மட்டுமே காட்டினால் எங்கோ ஆணி பட்டிருக்கிறது அல்லது ஈரம் இருக்கிறது. தேடிக் கண்டுபிடியுங்கள்.

3. பேஸ் இடம்: சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால், சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

4. ஆர்.சி.சி.பி.: வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் போடுங்கள். மின்சாரம் கொடுத்ததும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்காரரே அழுத்திப் பார்க்கலாம். இது ஷாக்கிலிருந்து காக்கும். அதிகச் சுமையிலிருந்து காக்க எம்.சி.பி. தனியே வேண்டும்.

5. சூட்டுச் சோதனை: எல்லா விளக்கும் விசிறியும், ஒரு பெரிய சாதனமும் ஒரு மணி நேரம் ஓடட்டும். மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, மேலே சொன்னபடி சோதித்துவிட்டு மச்சில் ஏறி ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதைத் திறந்து திருகுகளைச் சரிபாருங்கள்.

கடைசி வேலை: வரைபடம்

இதைச் செய்யாமல் கூலி வாங்காதீர்கள். வீட்டுக்காரர்களே, இதை வாங்காமல் கூலி கொடுக்காதீர்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் வீட்டின் அறைகளை வரையுங்கள். எந்த விட்டத்தின் எந்தப் பக்கம் எந்த பைப் ஓடுகிறது, பெட்டிகள் எங்கே, ஒவ்வொரு பெட்டியிலும் எந்த எண் எம்.சி.பி.யின் ஒயர் இருக்கிறது என்று குறியுங்கள். சர்வீஸ் ஒயர் வரும் மூலையைச் சிவப்பில் காட்டி, "மெயினை அணைத்தாலும் இங்கே மின்சாரம் உண்டு" என்று எழுதுங்கள். இன்வெர்ட்டரை எங்கே அணைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். தேதி போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஒரு பிரதியை டிபி பெட்டிக் கதவின் உள்பக்கமும், இன்னொன்றை மச்சுவாசல் மூடியின் உள்பக்கமும் ஒட்டுங்கள். அதே எண்களை ஒவ்வொரு பெட்டியின் மூடிமேலும் அழியாத மையில் எழுதுங்கள்.

ஆச்சி வீட்டில் அப்படி ஒட்டிவிட்டு இறங்கினேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னார். "பேரன் லீவுக்கு வந்தா மேல ஏறுவான் தம்பி. அவனுக்கு நல்லாத் தெரியணும்லா" என்றார். மறுபடி மேலே போய்ப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.